தாதுவும் தோலும்: தாமஸ் ஹாலந்தின் தொழிற்கொள்கையும் பாலாற்றுப் பட்டையும்

முதல் உலகப்போரின் நடுவே, 1916-17 குளிர்காலச் சுற்றுப்பயணத்தில், இந்தியத் தொழில் ஆணையம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து சாட்சியம் கேட்டது. அந்தச் சாட்சியங்கள் பிறகு தனித் தொகுதியாக அச்சேறின. சென்னை மாகாணத்தில் எந்தத் தொழில் விசாரணையும் தோலைத் தவிர்த்துவிட்டு நடந்திருக்க முடியாது. பாலாற்றங்கரை ஊர்களில் பதமான தோல்தான் அன்று பிரிட்டிஷ் சிப்பாயின் காலணிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆணையத்தின் தலைவரோ தொழிலதிபர் அல்லர், வருவாய்த் துறையில் ஊறிய ஐ.சி.எஸ். அதிகாரியும் அல்லர். இருபது ஆண்டு காலம் இந்தியப் பாறைகளை உடைத்துப் பார்த்த நிலவியலாளர் அவர். பெயர் சர் தாமஸ் ஹென்றி ஹாலந்து.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் பட்டையின் வரலாறு பெரும்பாலும் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்ட்டனின் குரோம் சோதனையில் தொடங்கி, தோல் விஞ்ஞானி நாயுடம்மாவின் ஆய்வுக்கூடத்துக்குத் தாவிவிடுகிறது. நடுவில் உள்ள அரை நூற்றாண்டில் இந்தப் பட்டை ஏன் அரைப்பதத் தோலோடு நின்றுவிட்டது என்பதற்கு வியாபாரிகளின் பழமைப்பற்று, மூலதனக் குறைவு, சாதி என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஹாலந்தின் தொழில் வாழ்க்கையைத் தொடர்ந்து படிக்கும்போது இன்னொரு காரணம் தெரிகிறது. தாதுவைப் பற்றி 1908-இல் அவர் எழுதியதற்கு நேர்மாறானதைத் தோல் விஷயத்தில் 1917-இல் அவர் தலைமை வகித்த யுத்தத் தளவாட வாரியமே செய்தது. இக்கட்டுரை அந்த முரணைப் பின்தொடர்கிறது.

கார்ன்வாலிலிருந்து பல்லாவரம்

ஹாலந்து 1868-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில், ஹெல்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பேர்போன வட்டாரம் அது. கோலார் தங்கவயலை ஜான் டெய்லர் நிறுவனம் எடுத்து நடத்தத் தொடங்கியபோது, நிலத்தடியில் மேற்பார்வை செய்ய வந்தவர்களில் பலர் கார்ன்வால்காரர்களே. அதே தங்கவயலில் பாறை உடைக்கப் போன கூலித் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வடஆற்காட்டிலும் சித்தூரிலும் இருந்து சென்ற தமிழர்கள், அவர்களிலும் தலித் மக்களே மிகுதி. குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் தங்கவயல் உறவு இல்லாத குடும்பம் அபூர்வம். ஆக, தோலுக்கும் சுரங்கத்துக்கும் இந்த வட்டாரத்தில் ஆள் அனுப்பியது ஒரே சேரிதான். இதைத் தொழில் வரலாறுகள் தனித்தனி அத்தியாயங்களாகவே எழுதி வந்திருக்கின்றன.

லண்டன் ராயல் அறிவியல் கல்லூரியில் படித்து முடித்த ஹாலந்து 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளிலேயே தமிழகத்துக்கு வந்துவிட்டார். சேலம் மாவட்டத்தின் இரும்புத் தாதுவையும் அங்கிருந்த உலைத் தொழிலையும் பற்றிய அவரது முதற்கட்ட அறிக்கை 1892-இல் வெளியானது. கஞ்சமலையின் இரும்பைப் பார்த்தவருக்கு, சேலத்தை அடுத்த வெள்ளைக்கல் குன்றுகளும் புதிதல்ல. அந்தக் குன்றுகளில் மாக்னசைட்டோடு குரோமைட்டும் கிடைத்தது. பரங்கிப்பேட்டை இரும்புக் கம்பெனி காலத்திலேயே, 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், அந்தக் குரோமைட்டைத் தோண்டிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். தோண்டியதை அப்படியே வெளியே அனுப்பும் இந்த வழக்கம்தான் பின்னாளில் ஹாலந்தின் எழுத்தில் மையக் கேள்வியாக வந்து நின்றது.

அவருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் உள்ள பலகை இந்தக் கல்லால் ஆனது என்று கண்டு, 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். 1900-இல் வந்த அவரது நீண்ட ஆய்வுரை தீபகற்பத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்கும் இந்தப் பாறைவரிசையை ஒன்றாகத் தொகுத்துக் காட்டியது. வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊருக்குத் தெற்கே எழும் ஜவ்வாது மலையிலும் இவ்வகைப் பாறை உண்டு. பல்லாவரத்தை ஒட்டியே சில ஆண்டுகள் கழித்துச் சேம்பர்ஸ் என்பவரின் குரோம் தோல் கம்பெனி வந்து, குரோம்பேட்டைக்குப் பெயரைத் தந்தது. ஹாலந்தின் வாழ்வில் கல் ஒரு பாதி, தோல் மறு பாதி என்றால் இரண்டும் அடுத்தடுத்த ரயில் நிலையங்களில் இருக்கின்றன!

கணக்கெடுப்பவர்

1903-இல் ஹாலந்து நிலவியல் துறையின் இயக்குநரானார். 1910 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதற்கு முன் அந்தத் துறை வரைபடத்துக்கும் புதைபடிவத்துக்கும் கொடுத்த மரியாதையைச் சுரங்கத்துக்குக் கொடுக்கவில்லை. ஹாலந்து அதைத் திருப்பினார். நாட்டின் கனிம உற்பத்தியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு வெளியிடும் முறையைக் கொண்டுவந்தார்; 1898 முதல் 1903 வரையிலான முதல் மதிப்பாய்வு 1905-இல் வந்தது. எந்தச் சுரங்கத்தில் எவ்வளவு, என்ன விலைக்கு, எந்தத் துறைமுகம் வழியாக என்று எல்லாம் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டன. 1906-இல் கல்கத்தாவில் இந்தியச் சுரங்க, நிலவியல் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. நிலக்கரி முதலாளிகளும் சுரங்கப் பொறியாளர்களும் அரசு நிலவியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார அந்தக் கழகம் இடம் கொடுத்தது. பாறை ஆய்வாளர் தொழில்தலைவராக மாறிய இடம் இதுதான் என்று சொல்லலாம்.

1908-இல் அவர் வெளியிட்ட இந்தியக் கனிம வளம் பற்றிய சிறு நூல் ஒரு வாதத்தை முன்வைக்கிறது. ஐந்தாண்டு மதிப்பாய்வுகளிலும் அந்த வாதம் ஓடுகிறது. நிலக்கரி, தங்கம், மாங்கனீசு, மைக்கா போல, எடுத்த உருவிலேயே எரிக்கவோ விற்கவோ ஏற்றுமதி செய்யவோ கூடிய கனிமங்கள்தான் இந்தியாவில் வளர்கின்றன. வேதித்தொழிலும் உலோகத்தொழிலும் சேர்ந்து இருந்தால் மட்டுமே பயன்படும் தாதுக்கள் கிடப்பில் கிடக்கின்றன. ஒரு தாதுவின் துணைப்பொருள் இன்னொரு தொழிலின் மூலப்பொருள் ஆகும் அந்தப் பின்னல் ஐரோப்பாவில் இருக்கிறது, இங்கே இல்லை. அதனால் கச்சாப்பொருள் வெளியே போகிறது. அதிலிருந்து செய்த ரசாயனம் விலைக்கு உள்ளே வருகிறது. காலனி அரசின் உயர் அதிகாரி ஒருவர், சுதேசிக் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், இவ்வளவு வெளிப்படையாக இதை எழுதியது கவனிக்கத்தக்கது.

அந்த வாதத்துக்குக் குரோமைட் பொருத்தமான உதாரணம். 1903-இல் பலுசிஸ்தானத்திலும் 1907-இல் மைசூரிலும் குரோமைட் தோண்டத் தொடங்கினார்கள். அது தாதுவாகவே கப்பலேறியது. அதிலிருந்து செய்யும் பைகுரோமேட் உப்பு வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் தோல் பதனிடப் பயன்பட்டது.

கவலைச் சாலும் குரோமும்

சென்னையில் அந்த உப்பைத் தோலில் ஏற்றிப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். 1888-இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898-இல் தொடங்கி, 1903-இல் அதைத் தனியார் கம்பெனிக்கு விற்றுக் கைகழுவியவர். குரோம் தோலை அவர் தேடிப் போனது காலணிக்காக அல்ல, கிணற்றுக்காக. கவலை இறைக்கும் சாலின் அடியில் கட்டும் தோல் தும்பி, மரப்பட்டையில் பதமானதாக இருந்தால் நீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் இற்றுவிடும். குரோமில் பதமான தோல் தண்ணீருக்கு மசியாது. பாசனக் கிணறுகளில் ஆழ்துளை போடுவதிலும் எண்ணெய் இயந்திரம் வைத்து இறைப்பதிலும் தோய்ந்திருந்த ஒரு பொறியாளருக்கு இது இயல்பாகத் தோன்றிய வழி. 1903-இல் சோதனை தொடங்கியது. தும்பியிலிருந்து செருப்புக்கும் காலணிக்கும் அது நகர்ந்தது.

அரசே தொழிற்சாலை நடத்துவதைச் சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் விரும்பவில்லை. 1910 ஜூலையில் இந்தியா மந்திரி மார்லி பிரபுவின் கடிதம் வந்தது: அரசு தொழிற்கல்வி தரலாம், தொழில் நடத்தக்கூடாது. சாட்டர்ட்டனின் தொழில்துறை கலைக்கப்பட்டது, குரோம் தொழிற்கூடம் ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது, அவரும் 1912-இல் மைசூர் சமஸ்தான வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கிடையே பாலாற்றுப் பட்டை தன் வழியில் இயங்கிக்கொண்டிருந்தது. 1856-இல் சென்னையிலிருந்து ஆற்காடுவரை, அதாவது இன்றைய வாலாஜா ரோடுவரை, ரயில் ஓடத் தொடங்கியது. பாதை ஆம்பூர், வாணியம்பாடி நோக்கி நீண்டபோது தோல் வணிகம் அதைப் பற்றிக்கொண்டது. உப்புத் தோலைக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் போட்டு முடி நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் கொடுத்து நிறம் வெளுப்பாக்கி, எண்ணெய் தடவி உலர்த்துவதோடு இங்கே வேலை முடியும். இந்த அரைப்பதத் தோல்தான் உலகச் சந்தையில் கிழக்கிந்திய கிப் என்று பெயர் பெற்றது. ஆவாரை மேட்டு நிலத்துச் செடி. அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் இன்றும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். கடுக்காய் ஜவ்வாது மலையில் விளைவது. ஆக, ஆம்பூரின் பதக்குழிக்குள் போன சரக்கில் ஒரு பகுதி பீஞ்சமந்தை போன்ற மலையூர்களின் காட்டு வரும்படி. முதலாளிகளில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள், முன்பணம் கொடுத்தது சென்னைப் பெரியமேட்டின் மண்டி.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் அடி குரோமிலிருந்தே வந்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்து. 1884-இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் இருகுழிக் குரோம் முறைக்கும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் ஒருகுழி முறைக்கும் காப்புரிமை வாங்கினார்கள். பிலடெல்பியாவின் ஆலைகள் மெருகேறிய ஆட்டுத்தோலைக் குரோமில் செய்யத் தொடங்கியதும் சென்னையின் பதமான ஆட்டுத்தோல் அங்கே விலைபோகவில்லை. அவர்களுக்குப் பச்சைத் தோல் போதும். உப்புத் தோல் நேரே கப்பலேறியது, தோல் பதனிடும் ‘தோல் ஷாப்புகள்’ பல மூடின. தாதுவைப் பற்றி ஹாலந்து எழுதியது தோலில் கண்முன் நடந்தது.

போர்க்காலக் கொள்முதல்

1910-இல் ஹாலந்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். இந்திய அத்தியாயம் முடிந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். 1916-இல் தொழில் ஆணையத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். உறுப்பினர் பட்டியலில் டோரப்ஜி டாடா, ராஜேந்திரநாத் முகர்ஜி, பசுல்பாய் கரீம்பாய், மதன்மோகன் மாளவியா ஆகியோர் இருந்தனர், மைசூரிலிருந்து சாட்டர்ட்டனும் இருந்தார். நிலவியலாளர் தலைவர், கிணற்றுப் பொறியாளர் உறுப்பினர்! மார்லியின் கடிதத்தால் அடிபட்டவர் அந்தக் கடிதத்தைக் கவிழ்க்கும் ஆணையத்தில் உட்கார்ந்தார்.

ஆனால் அறிக்கை எழுதி முடிக்குமுன்பே போர் குறுக்கே வந்தது. 1917-இல் அமைந்த இந்திய யுத்தத் தளவாட வாரியத்துக்கும் ஹாலந்தே தலைவர். படைக்கு வேண்டியதை இந்தியாவிலேயே வாங்கிச் சேர்ப்பது அதன் வேலை. காலணியின் மேல்தோலுக்குச் சென்னை கிப் தோதான சரக்கு. பிரிட்டிஷ் போர் அலுவலகத்துக்காக அரசு 1916-லிருந்தே அதை வாங்கி வந்தது. வாரியம் அமைந்தபின் கொள்முதல் இன்னும் இறுகியது. தோல் தரம் பிரிக்கப்பட்டது. தரத்துக்கு விலை கட்டப்பட்டது. வாங்குபவர் ஒருவரே, அவர் எடுக்கும் அளவுக்கு வரம்பில்லை என்ற நிலை. உள்ளூர் ஆவாரம்பட்டை போதாமல் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை இறக்குமதியானது. பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புகள் பெருகின.

இங்கேதான் முரண் வருகிறது. சுரங்கத்தில் தாதுவைத் தரம் பார்த்து, எடை போட்டு, ரயிலேற்றுவதற்கும் இந்தக் கொள்முதலுக்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. வாரியம் வாங்கியது அரைப்பதத் தோல். அதைச் சாயமேற்றி, மெருகிட்டு, காலணியாக்கும் வேலையெல்லாம் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் போன்ற ஊர்களுக்குப் போனது. முழுப்பதம் செய்யவும் காலணி தைக்கவும் இந்தியாவில் கான்பூர் இருந்தது, பல்லாவரத்தில் சேம்பர்ஸ் இருந்தார். பாலாற்றுப் பட்டையிடம் கேட்கப்பட்டதோ நேற்றுச் செய்ததையே இன்று இருமடங்கு செய்யும்படி மட்டும். போரில் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கப்பல் இடமும் நேரமும் இல்லாத காலம். என் வாதம் ஹாலந்து தவறு செய்தார் என்பதல்ல. உறுதியான விலையும் முடிவில்லாத வாங்குதலும் சேர்ந்து, முதலீட்டை முழுவதுமாக அரைப்பதக் குழிகளில் கொட்டவைத்தன. பின்னல் இல்லாத தொழில் வளராது என்று எழுதியவரே, பின்னல் தேவைப்படாத சந்தை ஒன்றைத் தன் கையால் கட்டிக்கொடுத்தார்.

சாட்டர்ட்டன் காலத்து முயற்சியின் எச்சமாகச் சென்னையில் 1915-இல் தோல் தொழிற்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. முழுப்பதத்துக்கு ஆள் பயிற்றும் இடம் அது. அரைப்பதத்துக்கே விலை தயாராக இருக்கும்போது அங்கே பிள்ளையை அனுப்ப எந்த முதலாளிக்கு மனம் வரும்?

அறிக்கையும் அதன் பின்னும்

1918-இல் தொழில் ஆணைய அறிக்கை வெளியானது. தொழில்வளர்ச்சியில் அரசு முனைந்து ஈடுபடவேண்டும், அனைத்திந்தியத் தொழில் பணித்துறையும் வேதியியல் பணித்துறையும் வேண்டும், அரசின் கொள்முதல் இந்தியாவிலேயே நடக்கவேண்டும் என்று அது சொன்னது. மார்லியின் கடிதம் எட்டே ஆண்டில் செல்லாக்காசானது. மாளவியா தனிக் குறிப்பு எழுதினார். இந்தியத் தொழில்கள் நலிந்ததில் பிரிட்டிஷ் கொள்கையின் பங்கை அறிக்கை மழுப்புகிறது, புதிய பணித்துறைகள் ஐரோப்பியருக்கே வேலை தரும் என்பன அவர் கூறிய குறைகளில் முக்கியமானவை. அறிக்கையையும் குறிப்பையும் சேர்த்துப் படித்தால் மாளவியா வரலாற்றாசிரியரின் கேள்வியைக் கேட்கிறார், ஹாலந்து கணக்கரின் பதிலைச் சொல்கிறார் என்றே படுகிறது.

1919-இன் அரசியல் சீர்திருத்தம் தொழில்துறையை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. அனைத்திந்தியப் பணித்துறை கனவாகவே போனது. மிஞ்சியவை சில: 1922-இல் இந்தியக் கொள்முதல் துறை, அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் தொழில் உதவிச் சட்டம், 1926-இல் தன்பாத்தின் சுரங்கப் பள்ளி. இவற்றில் ஹாலந்தின் முத்திரை தெளிவாகத் தெரிவது சுரங்கப் பள்ளியில்தான்.

தோலுக்குக் கிடைத்தது ஒரு வரி. 1919 செப்டம்பரில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் விதித்தார்கள். பேரரசுக்குள் போய்ப் பதமாவதற்கு அதில் 10 சதவீதம் கழிவு. உள்நாட்டுப் பதத்தைக் காப்பது நோக்கம் என்றார்கள், ஆனால் கழிவு அந்த நோக்கத்தையே பாதி தின்றது. காக்கப்பட்டதும் அரைப்பதம்தான். அரைப்பதத் தோல் வெளியேறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. போர்க் கொள்முதல் நின்று, 1920-21-இல் உலகச் சந்தையும் சரிந்தபோது, பெருகியிருந்த குழிகள் வெறுங்குழிகளாயின. 1923-இல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது.

ஹாலந்தின் இந்திய வாழ்க்கையும் அதே சரிவில் முடிந்தது. 1920-இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில்துறை உறுப்பினரானவர், தளவாட வாரியக் காலத்து மோசடி வழக்கொன்றைத் திரும்பப்பெற அனுமதித்ததால் கிளம்பிய எதிர்ப்பில் 1921-இல் பதவி விலகினார். அதன்பின் 1922 முதல் 1929 வரை லண்டன் இம்பீரியல் கல்லூரித் தலைவர், 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத் தலைவர், 1947-இல் இறந்தார்.

அடுத்த ஆண்டு அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. நாயுடம்மாவின் தலைமையில் அது தோல் ஷாப்புகளுக்கே இறங்கி வந்து குரோம் பதத்தைப் பழக்கியது. ஆனாலும் பட்டையை அரைப்பதத்திலிருந்து நகர்த்தியது ஆய்வுக்கூடம் மட்டும் அல்ல. 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்து, 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டப்பட்டது. 1919-இன் வரி தொடாமல் விட்ட இடத்தை இந்த ஆணை தொட்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஆம்பூர் மேல்தோலும் முழுக் காலணியும் தைக்கும் ஊராயிற்று. அணைக்கட்டு, பள்ளிகொண்டாப் பக்கத்துப் பெண்கள் தையல் வரிசையில் உட்கார பஸ் ஏறிப் போனார்கள். அரை நூற்றாண்டாக நகராதது ஓர் ஏற்றுமதி விதி மாறியதும் நகர்ந்தது என்றால், முதலாளியின் பழமைப்பற்று என்ற விளக்கத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று யோசிக்கவேண்டும்.

1908-இல் ஹாலந்து கேட்ட பின்னலும் அதே எழுபதுகளில் பாலாற்றுக்கு வந்துசேர்ந்தது. இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை குரோமைட்டிலிருந்து சோடியம் டைகுரோமேட்டும், தோல் பதனிடும் குரோம் சல்பேட்டும் தயாரித்தது. தாது, ரசாயனம், தோல் மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில். ஹாலந்தின் ஐந்தாண்டு மதிப்பாய்வுகளில் உற்பத்திக்கும் விலைக்கும் கட்டம் இருந்தது; கழிவுக்கு இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆலை மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு வளாகத்திலேயே நின்றது. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் கழுவிய உப்பு நீர் பாலாற்று மணலுக்குள் இறங்கியிருந்தது. கவலைத் தும்பி இற்றுப்போகாமல் இருக்கக் குரோமைத் தேடிய சாட்டர்ட்டனுக்கு, அந்தக் கிணறுகளில் இறைக்கத் தண்ணீரே உதவாமல் போகும் என்று தோன்றியிருக்காது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் முதற்கட்ட ஆய்வு கூறியதை அது எடுத்துக்கொண்டது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்து, ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பால் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் வேலூர் மாவட்ட விவசாயிகளுக்கான ஈட்டுத்தொகையை 2001-இல் நிர்ணயித்தது. அதைக் கொடுத்து முடிக்கும்படி 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.